ஜூவே செத்த வருஷத்தை எண்ணினேன், 2,592 யூரோ போயிற்று

2023 டிசம்பர் 15, வெள்ளிக்கிழமை. இரவு எட்டரை மணிக்கு, பாரிஸ் புறநகர் ஒன்றில் 180 பேர் உட்காரும் ஒரு சின்ன ஹாலில் எங்கள் தமிழ் நாடகம் தொடங்கியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் வீட்டுச் சமையலறையில் நின்றபடி, திருப்பித் தர வேண்டிய டிக்கெட் பணம் இன்னும் வந்து சேரவில்லை என்று எழுதியிருந்த ஒருவருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். 12 யூரோ டிக்கெட். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆனாலும் அன்றைக்கு அந்த 12 யூரோ, மொத்தமாகப் போன பணத்தைவிடக் கனமாக இருந்தது. எழுத்துரிமைக் காலத்தைத் தப்பாக எண்ணியதால் நாடகமே நின்றுபோன கதை இது. இரண்டு வருஷம் கழித்துதான் இதை உட்கார்ந்து எழுத மனசு வந்திருக்கிறது. வெளிநாட்டு நாடகத்தைத் தமிழில் போட ஆசைப்படும் யாராவது அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்தால் நல்லது.

நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சு பள்ளியில் வந்தது, நாடகம் கோயில் திருவிழாவில் வந்தது. பாரிஸுக்கு வந்து பல வருஷமான பிறகு ஒரு நள்ளிரவு தொலைக்காட்சியில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று ஓடியது: 'க்னோக்', 1951. அதில் டாக்டராக வரும் ஆள்தான் பிரெஞ்சு நடிகரும் நாடக இயக்குநருமான லூயி ஜூவே. நெடிய உடம்பு, பெரிய கண்கள், வார்த்தைகளைத் துண்டு துண்டாக வெட்டி மேசைமேல் வைப்பது போன்ற பேச்சு. சிறு வயதில் அவருக்குத் திக்குவாய் இருந்ததாகச் சொல்வார்கள். அதை அடக்கப் பழகியதில் வந்த பேச்சுமுறைதான் பிறகு அவருடைய முத்திரை ஆகிவிட்டதாம். அது எனக்குப் பிடித்துப்போனதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. எனக்கும் 'ப'வில் தொடங்கும் சொற்களில் இன்றைக்கும் நாக்கு நிற்கும்.

அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். 1887 டிசம்பர் 24, பிரெத்தாஞ் பகுதியில் குரோசோன் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட, அம்மா பிள்ளைகளோடு ரெத்தேலுக்குத் தன் குடும்பத்திடம் போய்விடுகிறார். பையன் மருந்தாளர் படிப்புப் படிக்க வேண்டும் என்பது வீட்டு முடிவு. படித்துப் பட்டமும் வாங்கினார். கூடவே நாடகம். நடிப்புக் கற்றுத்தரும் பாரிஸ் கன்சர்வத்துவாரின் நுழைவுத் தேர்வில் மூன்று தடவை தோற்றார். அதே கன்சர்வத்துவார் 1934ல் அவரை ஆசிரியராக்கிக் கூப்பிட்டுக்கொண்டது. இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் அவருக்கு அடிமையானேன் என்று சொல்லலாம்.

நடுவில் செய்தது எல்லாம் கைவேலை. 1913ல் நாடக இயக்குநர் ஜாக் கோப்போ 'வியூ கொலோம்பியே' அரங்கைத் தொடங்கியபோது ஜூவே அங்கே நடிகர் மட்டும் இல்லை. மேடை நிர்வாகி, செட் வேலை, விளக்கு வேலை என்று எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. அவர் வடிவமைத்த ஒரு வகை மேடை விளக்குக்கு 'ஜூவே' என்றே பெயர் வந்துவிட்டது. முதல் உலகப் போரில் மருத்துவப் பிரிவில் இருந்தார். பிறகு கோப்போவின் குழுவோடு நியூயார்க் போய், 1919ல் திரும்பினார். 1922ல் கோப்போவை விட்டு விலகி ஷான்ஸெலிஸே காமெடி அரங்குக்கு வந்தார். அங்கேதான் 1923 டிசம்பர் 15 அன்று, நான் பார்த்த படத்துக்கு மூலமான 'க்னோக்' நாடகம் முதன்முதலாக மேடை ஏறியது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோயாளியே வராத ஒரு மலையூர். பழைய டாக்டர் தன் தொழிலை க்னோக் என்ற புதியவர் தலையில் கட்டிவிட்டுப் போகிறார். க்னோக் முதல் வேலையாகத் தண்டோராக்காரரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை காலை இலவச மருத்துவம் என்று அறிவிக்கச் சொல்கிறார். ஆரோக்கியமாக இருப்பவன் தனக்கு நோய் இருப்பதை அறியாதவன், அவ்வளவுதான் என்பது அவர் கொள்கை. மூன்றே மாதத்தில் ஊரே படுக்கையில் கிடக்கிறது, ஓட்டல் ஆஸ்பத்திரியாகிவிடுகிறது, இரவு பத்து மணி அடித்ததும் 250 தெர்மாமீட்டர்கள் ஒரே நேரத்தில் வேலைக்குப் போகின்றன. நம்ம ஊரில் மாஸ்டர் ஹெல்த் செக்கப் விளம்பரம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2023ல் இந்த நாடகத்துக்கு நூறு வயது. அதே தேதியில் தமிழில் போட்டால் எப்படி இருக்கும்? கேள்வி மண்டைக்குள் ஏறியது ஜனவரியில். இரவில் வேலை முடிந்து வந்து தினம் ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்று மொழிபெயர்த்து ஜூலைக் கடைசியில் முடித்தேன். ஏழு மாதம். தண்டோராக்காரர் காட்சி மட்டுமே மூன்று வாரம் பிடித்தது. அவர் தன் உடம்பில் ஏதோ அரிப்பு மாதிரி இருக்கிறது என்கிறார். உடனே க்னோக் ஒரு கேள்வி கேட்பார். பிரெஞ்சுக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான கேள்வி அது. அதில் ஒரு சொல் சாதாரணச் சொல், இன்னொன்று அதே ஓசையில் குழந்தைப் பேச்சு மாதிரி செய்த சொல். 'கூசுதா, அரிக்குதா' என்று போட்டால் சப்பென்று இருந்தது. ஒரு நாள் ரயிலில் வரும்போது தானாக வந்தது: "குறுகுறுங்குதா, நமநமங்குதா?" பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மூலத்தில் அடுத்து வருவது காடித் துவையலோடு சாப்பிடும் கன்றுத்தலைக் கறி. அது நமக்கு எங்கே புரியப்போகிறது? கருவாட்டுக் குழம்பு ஆக்கினேன். தண்டோராக்காரராக நடித்தவர் உணவகத்தில் சமையல் வேலை செய்யும் யாழ்ப்பாணத் தம்பி. முதல் ஒத்திகையிலேயே, "எனக்கு ரெண்டும் கிடக்கு அண்ணை" என்று தன் பேச்சிலேயே சொன்னார். அறை அதிர்ந்தது. அந்த வசனத்தை அப்படியே வைத்துக்கொண்டோம்.

இவ்வளவும் செய்த நான் உரிமையைப் பற்றி யோசிக்கவே இல்லையா என்றால், யோசித்தேன். அதுதான் கொடுமை. பிரான்சில் எழுத்துரிமை 70 வருஷம் என்று எனக்குத் தெரியும். ஜூவே இறந்தது 1951 ஆகஸ்ட் 16. அதோடு 70ஐக் கூட்டினால் 2021. ஆக 2022 ஜனவரியிலிருந்து யாரும் போடலாம், நான் 2023ல் போடுகிறேன், சரி. ஒரு நோட்டில் இதைக் கணக்காகவே எழுதி, அடியில் கோடும் போட்டு வைத்திருந்தேன். போதாக்குறைக்கு ஓர் அமெரிக்க மின்னூலகத்தில் மூலம் இலவசமாகவே கிடந்தது. இனி என்ன சந்தேகம்?

தொலைபேசி வந்தது நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை. 14 ஞாயிறு ஒத்திகை முடிந்திருந்தது, 112 டிக்கெட் விற்றிருந்தது. ஹாலைக் கவனிக்கும் பிரெஞ்சு அம்மாள், கோப்பில் அனுமதிக் கடிதம் இல்லையே, அனுப்பிவிட்டீர்களா மிஸ்யே என்று கேட்டார். நான் கொஞ்சம் பெருமையாகவே, அதெல்லாம் தேவையில்லை மதாம், 1951லேயே ஆள் போய்விட்டார் என்றேன். அவர் ஒரு நொடி பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "அது ஜூவே. எழுதியவர்?" என்றார்.

ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். எழுதியவர் பெயர் எனக்குத் தெரியாமல் இல்லை. ஜூல் ரொமேன். ஏழு மாதம் அவர் எழுதியதைத்தானே மொழிபெயர்த்தேன்! ஆனால் அவர் எப்போது இறந்தார் என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அங்கேயே செல்பேசியில் பார்த்தேன். 1972 ஆகஸ்ட். அதோடு 70 என்றால் 2042. இறந்த நாளில் கணக்கு முடியாது, அந்த வருஷக் கடைசி வரை ஓடும். ஆக 2043 ஜனவரி 1. இருபது வருஷம் முந்திக்கொண்டு நிற்கிறேன். இரண்டு ரயிலைத் தவறவிட்டேன். அவமானம், கோபம் எல்லாம் பிறகு வந்தது. முதலில் வந்தது, அந்தத் தம்பியிடம் எப்படிச் சொல்வது என்ற பயம்தான்.

கணக்கு எப்படி என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். எண்ண வேண்டியது நாடகத்தை எழுதியவர் இறந்த வருஷத்திலிருந்து. நடித்தவர், இயக்கியவர், புகழ் சேர்த்தவர் யாரும் இதில் கணக்கு இல்லை. இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் கடைசியாக இறந்தவர். மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தால் மொழிபெயர்ப்பாளருக்கும் தனியாக எண்ண வேண்டும். போரில் நாட்டுக்காக உயிர்விட்டவர் என்று அரசு குறித்த எழுத்தாளர்களுக்குப் பிரான்சில் இன்னும் 30 வருஷம் கூடும். அமெரிக்காவில் பழைய நூல்களுக்கு வெளியான வருஷத்திலிருந்து 95 என்று வேறு கணக்கு. அதனால் அங்கே இலவசமாகக் கிடப்பது இங்கே இலவசம் ஆகிவிடாது. எந்த நாட்டில் போடுகிறோமோ அந்த நாட்டுச் சட்டம். இந்தியாவில் 60 வருஷம் என்பதால் இதே நாடகம் புதுச்சேரியில் 2033ல் விடுதலையாகிவிடும், பாரிஸில் 2043.

ஜூவே மேடையேற்றிய நாடகாசிரியர்களை மட்டும் வரிசையாகப் பார்த்தாலே இது புரிந்துவிடும். மோலியேர் இறந்தது 1673, கவலையில்லை. ஜான் ஜிரோது 1944ல் இறந்தார். அவருடைய நாடகங்கள் 2015லிருந்து பொதுச்சொத்து. ஜான் ஜெனேயின் 'பணிப்பெண்கள்' நாடகத்தை ஜூவே 1947ல் அத்தேனே அரங்கில் முதன்முதலாகப் போட்டார். ஜெனே இறந்தது 1986, ஆகவே 2056 முடியும்வரை தொட முடியாது. ஒரே இயக்குநர், மூன்று வேறு கதை.

மறுநாளே நாடகாசிரியர்களின் உரிமைச் சங்கமான எஸ்.ஏ.சி.டி.க்கு விண்ணப்பித்தேன். 1777ல் பொமார்ஷே நாடகாசிரியர்களைத் திரட்டியதிலிருந்து வரும் சங்கம் அது. அமெச்சூர் குழுவாக இருந்தாலும், ஒரே ஒரு காட்சியாக இருந்தாலும், அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும். அப்போதுதான் இன்னொரு இடி. மேடையேற்ற அனுமதி வேறு, மொழிபெயர்க்க அனுமதி வேறு. புது மொழிபெயர்ப்பு என்றால் உரிமைதாரர்களின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். நியாயம்தான். என் கருவாட்டுக் குழம்பைப் பார்க்காமல் யார் கையெழுத்துப் போடுவார்கள்? அப்படி மாற்றுவதற்குக்கூட எழுதியவர் தரப்பின் சம்மதம் வேண்டும். பிரான்சில் படைப்பின் மேல் உள்ள தார்மிக உரிமைக்கு முடிவே கிடையாது. எனக்கு இருந்தது 38 நாள். அவர்கள் மறுக்கவில்லை, இழுத்தடிக்கவும் இல்லை. வருஷத் தொடக்கத்தில் எழுதியிருக்க வேண்டிய கடிதத்தை நவம்பரில் எழுதினால் வேறு என்ன நடக்கும்? 20ஆம் தேதி நானே நிறுத்திவிட்டேன்.

செலவைச் சொல்கிறேன். ஹால் வாடகை 1,400, அதில் பாதி முன்பணம் 700 திரும்பாது. ஒத்திகை அறை ஒரு ஞாயிறுக்கு 45 வீதம் 630. உடைகள் 620. செட்டுக்குப் பலகையும் பெயிண்டும் 350. போஸ்டர் 180. டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது தளத்தின் கமிஷன், டிக்கெட்டுக்கு 1 யூரோ வீதம் 112. ஆக மொத்தம் 2,592. குழு தருகிறேன் என்றது, நான் வாங்கவில்லை. தப்பு என்னுடையது. வீட்டில் இரண்டு வாரம் சரியான பேச்சில்லை. ஊருக்குப் போக எடுத்துவைத்த பணம் அது.

இந்தப் பணத்தில் முக்கால்வாசி மிஞ்சியிருக்கும், ஒரு வரிசையைப் பின்பற்றியிருந்தால். முதலில் சம்மதக் கடிதம், அப்புறம் ஹால், அப்புறம்தான் டிக்கெட். எட்டு மாதம், பத்து மாதம் முன்னாலேயே எழுதுங்கள். மொழிபெயர்த்து முடிக்கக் காத்திருக்க வேண்டாம், இரண்டு காட்சி மாதிரி போதும். ஹால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ரத்து விதியை வாசியுங்கள். உரிமை கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கேட்டால் சில இடங்களில் சேர்க்கிறார்கள், நான் கேட்கவே இல்லை. பின்னணி இசைக்கு, பழைய பதிவாக இருந்தாலும், இசைக்கான உரிமைச் சங்கத்தில் தனி அனுமதி. இன்னொன்று, போஸ்டர். நான் ஜூவேயின் ஒரு பழைய படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தேன். அந்தப் படத்தை எடுத்த புகைப்படக்காரருக்கும் அதே 70 வருஷம் உண்டு என்பது யாரும் சொல்லாமலே பிறகு எனக்கு உறைத்தது. நல்லவேளை, அதற்கு யாரும் தொலைபேசியில் கூப்பிடவில்லை.

நிறுத்திய வாரத்தில் ஒரு மாலை அத்தேனே அரங்குக்குப் போனேன், ஒப்பேராவுக்குப் பக்கத்துச் சந்துக்குள்ளே. இப்போது அரங்குக்கே ஜூவே பெயர்தான். 1934லிருந்து அவர் நடத்திய இடம். அங்கேதான் 1936ல் மோலியேரின் 'மனைவியர் பள்ளி'யைப் போட்டார். கிறிஸ்தியான் பெராரின் செட்டில் தோட்டத்து மதில்கள் கதவு மாதிரி திறந்து மூடும். 1951 ஆகஸ்டில் ஓர் ஒத்திகையின்போது மாரடைப்பு வந்து, இரண்டு நாள் கழித்து அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இறந்தார். 63 வயது. மோலியேர் மேடையில் சுருண்டதைச் சொல்லும் பிரெஞ்சுக்காரர்கள் இதையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். மூடிய கதவுக்கு வெளியே நிற்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது வேறு. ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில், ரொமேனும் ஜிரோதுவும் வேண்டாம், ஷில்லரும் கோத்தேயும் போடு என்று அவரிடம் சொன்னார்கள். தன் நாடகாசிரியர்களை விட்டுவிட மனமில்லாமல் 1941ல் குழுவைக் கூட்டிக்கொண்டு தென் அமெரிக்கா கிளம்பியவர், போர் முடியும் தறுவாயில் 1945லேதான் திரும்பினார். அந்த ரொமேனுடைய பெயரைத்தான் நான் என் போஸ்டரின் அடியில் ஒரு சின்ன எழுத்தில் போட்டிருந்தேன். மேலே ஜூவே, பெரிய எழுத்தில்.

கல்லாப் பெட்டி காலியாகும்போதெல்லாம் ஜூவே 'க்னோக்'கைத் திரும்பப் போடுவாராம். நாடகத்துக்குப் பணம் வேண்டும் என்று சினிமாவிலும் நடித்துத் தள்ளினார். எனக்கு அப்படிக் கைகொடுக்க மோலியேர்தான் இருந்தார். அடுத்த வசந்தத்தில் 'மனசில்லா வைத்தியன்' போட்டோம், 1666ல் வந்த நாடகம். நானே நேராகப் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்தேன். புதிய பதிப்புகளின் குறிப்புகளையும் பிறருடைய தழுவல்களையும் தொடவில்லை. சங்க மண்டபம், வாடகை இல்லை, 70 பேர் வந்தார்கள். 1920கள் மாதிரி தைத்த கோட்டு அந்தக் காலத்துக்குப் பொருந்தாது. இருந்தாலும் அதையே மாட்டிக்கொண்டோம், யாரும் கேட்கவில்லை. விறகுவெட்டியை அடித்து வைத்தியன் ஆக்கும் இடத்தில் தம்பி நிஜமாகவே இரண்டு வைத்துவிட்டார். நவம்பருக்கான பாக்கியோ என்னவோ.

ரொமேன் தரப்புக்கு முறையாக ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், மாதிரிக் காட்சியோடு. இன்னும் அனுப்பவில்லை, கருவாட்டுக் குழம்பைப் பிரெஞ்சில் எப்படி விளக்குவது என்பதில் நிற்கிறது. தண்டோராவுக்கு வாங்கிய மேளம் பால்கனியில் பூச்சட்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தம்பி வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "அண்ணை, இன்னும் எத்தினை வருசம் கிடக்கு?" என்று கேட்பார். போன ஞாயிறும் கேட்டார். பதினெட்டு என்றேன்.